வீட்டுக்கு ஒரு வெல்டிங் மிஷின்

வாங்க தம்பி, வாங்க. செருப்போடயே வரலாம், இது கொட்டகைதான். நேத்து போன்ல பேசுனது நீங்கதானே? ஊரு ஆறுமுகநேரின்னு சொன்னீங்க. வெயில்ல அம்புட்டுத் தூரம் வந்திருக்கீங்க, முதல்ல அந்தச் சேர்ல இருங்க. ஒரு கால் லேசா ஆடும், சாஞ்சிராதீங்க.

சாக்கை எடுக்கேன், பாருங்க. இதுதான் மிஷின். மேல இருக்குறது வெறும் தூசி. உள்ள காயில் பூரா செம்பு. இப்பக் கடையில வாரதெல்லாம் டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கு, ஒத்தக் கையில தூக்கிட்டுப் போயிரலாம். இதை அப்பிடித் தூக்க முடியாது. வீட்டுக் கரண்டுலயே ஓடும். போட்ட உடனே லைட்டு கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். வெல்டிங் ராடை வெச்சு உரசினா நெருப்பு சும்மா மத்தாப்பாக் கொட்டும்.

நல்ல மிஷினை எதுக்கு விக்கீங்கன்னு கேக்கீங்க. கேக்கணும். வேற எவனும்னா இடம் இல்லை, கண்ணு தெரியலைன்னு எதையாவது சொல்லித் தள்ளி விட்டுருவான். நான் பொய் சொல்ல மாட்டேன். ஹார்பர்ல சரக்கு எறக்குற மேஸ்திரியா காலம்பூரா இருந்தவன் நான். தவமணி மேஸ்திரின்னு கேட்டா இன்னைக்கும் சொல்லுவாங்க. பேச்சுல ஒண்ணு, நடத்தையில ஒண்ணுன்னு என்கிட்ட கிடையாது.

உங்க காரு விஷயத்தைப் போன்லயே சொல்லிட்டீங்க. அப்பா வெச்சிருந்த காரு, கதவுக்கு அடியிலயும் பின்சீட்டுத் தரையிலயும் அரிச்சிருக்கு, நாமளே வெல்டிங் பத்த வெச்சிருவோம்னு பாக்கீங்க. நல்ல எண்ணம். எங்க மாப்பிள்ளையும் அப்பிடித்தான் ஆரம்பிச்சாரு.

மாப்பிள்ளைன்னா என் தங்கச்சி பியூலாவோட வீட்டுக்காரரு. ஜெபசிங். என்னைவிட ரொம்ப இளையவரு, ஆனாலும் தங்கச்சியைக் கட்டினவரு, நான் வாங்க போங்கன்னுதான் பேசுவேன். எங்க அப்பா நாங்க சின்னப்பிள்ளையா இருக்கும்போதே போய்ச் சேந்துட்டாரு. தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாத்தது நான். இந்த முத்தையாபுரத்துல வீடு பாத்துக் குடிவெச்சது நான். அவரு வேன் வாங்கும்போது எந்த வேனை வாங்கணும்னு சுத்திப் பாத்துச் சொன்னதும் நான்தான். மாப்பிள்ளை ஒரு வார்த்தை எதுத்துப் பேச மாட்டாரு. மச்சான் சொன்னாச் சரிம்பாரு. அந்தக் குணத்துக்காகத்தான் தங்கச்சியைக் குடுத்தேன்.

அவரு வேலை, விடியக்காலம் பொம்பளையாள்களை ஏத்திட்டு உப்பளத்துக்குப் போறது, மத்தியானம் திருப்பிக் கூட்டியாந்து விடுறது. உப்பு வாருற பொம்பளையள். நம்ம காத்துலயே இரும்பு தங்காது. உப்பளத்துக்குள்ள தினம் போயிட்டு வார வண்டின்னா கேக்கவே வேண்டாம். டயர் அள்ளி அடிக்குற சகதி பூரா உப்பு. மேல பெயிண்டு பளபளன்னு இருக்கும், அடியில தகரம் பிஸ்கட் மாதிரி உதிரும். அப்பிடித்தான் அந்த வேனும் உதிர்ந்துது. முதல்ல பக்கத்துக் கதவு இருக்குல்லா, இழுத்துத் திறக்குற கதவு, அதுக்கு அடியில. பொறவு அங்கன இருந்து உள்ள தரைக்குப் போயிட்டு.

அந்தக் கதவை ஒட்டின சீட்டுல சந்தனமாரின்னு ஒரு பொம்பளை உக்காரும். உள்ள தள்ளி உக்காந்தா அதுக்குக் கொமட்டும், காத்து வேணும். வாய்த்துடுக்கு. தரையில ஓட்டை விழுந்து ரோடு தெரிய ஆரம்பிச்சதும், "தம்பி, உன் வண்டியில மட்டுந்தான்யா கீழயும் சன்னல் வெச்சிருக்கு"ன்னு சொல்லிச்சாம். வண்டி பூரா சிரிப்பு. மாப்பிள்ளையும் சிரிச்சிட்டு வந்து எங்கிட்டச் சொன்னாரு. சொல்லும்போது சிரிக்கலை. சேலையெல்லாம் உப்புச் சகதி தெறிக்குது மச்சான், பாவமா இருக்குன்னாரு.

வண்டித் தகரம் தட்டி ஒட்டுற டிங்கர் பட்டறையில கொண்டு காட்டினாரு. அந்த டிங்கர், தரையை நல்ல தகரம் வாரவரைக்கும் வெட்டி எடுக்கணும், அடிச்சட்டமும் பாக்கணும், வண்டி ஒரு மாசத்துக்கு மேல இங்கனதான் நிக்கும்னு சொல்லிட்டான். ஒரு மாசம் வேன் ஓடலைன்னா பொம்பளையள் வேற வண்டிக்குப் போயிரும். போனா திரும்ப வராது. அந்த யோசனையிலதான் நாமளே ஒரு மிஷின் வாங்கி, மத்தியானத்துக்கு மேல வீட்டு வாசல்ல வெச்சு கொஞ்சங் கொஞ்சமா செஞ்சா என்னன்னு அவருக்குத் தோணியிருக்கு. தோணினதும் என்கிட்டத்தான் வந்தாரு. தப்பு சொல்ல மாட்டேன்.

சும்மாவும் வரலை. கூட்டுக்காரன் ஒருத்தன் பட்டறையில போயி சாயங்காலம் சாயங்காலம் நின்னு பழகியிருக்காரு. அங்கன இருந்தது கம்பி மிஷின். உங்களுக்குத் தெரியுமே, துப்பாக்கி மாதிரி ஒண்ணைக் கையில புடிச்சு அமுக்கினா நூல் மாதிரி கம்பி தானா வந்துக்கிட்டே இருக்கும். பக்கத்துல கேஸ் சிலிண்டர் நிக்கும். அதை வெச்சு ஓட்டைத் தகரத்துல புள்ளி புள்ளியா வெச்சுப் பழகி, ஒரு துண்டைக் கொண்டாந்து என்கிட்டக் காட்டினாரு. பின்னால திருப்பிக் காட்டினாரு, பாருங்க மச்சான், அந்தப் பக்கமும் இறங்கியிருக்கு, தகரம் நெளியலைன்னாரு. நல்லாத்தான் இருந்துது. நான் இல்லைன்னு சொல்லலை.

டவுன்ல மிஷின் கடைக்கு ரெண்டு பேருமாப் போனோம். உள்ள போன உடனே அவரு நேரா அந்தக் கம்பி மிஷின்கிட்டப் போயி நின்னுட்டாரு. அதுமேல கையை வெச்சுக்கிட்டு நின்னாரு, சின்னப்பிள்ளையள் கடையில பொம்மைகிட்ட நிக்குமே, அப்பிடி. கடைக்காரன் என்ன வேலைக்குன்னு கேட்டான். வண்டி பாடி, தரையும் கதவடியும்னு இவரு சொன்னாரு. அப்ப இதுதான் சரி, தகரத்துக்கு ராடு மிஷின் ஆகாது, சூடு தாங்காமப் பொத்துக்கும்னு அவன் ஆரம்பிச்சான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். விக்குறவன் எதையும் சொல்லுவான். அந்த மிஷின் வாங்கினா அதுக்குக் கம்பி அவன்கிட்டத்தான் வாங்கணும், கேஸ் அவன்கிட்டத்தான் நிரப்பணும். அது எனக்குத் தெரியாதா?

நான் கேட்டேன், வீட்டுக்குள்ள சிலிண்டர் வெக்கணுமா? என் தங்கச்சி அடுப்பெரிக்குற வீடு அது. கடைக்காரன், அது எரியுற கேஸ் இல்லை அண்ணாச்சி, நெருப்பை அணைக்குற கேஸுன்னான். கேஸுன்னா கேஸுதான் தம்பி. நான் ஹார்பர்ல பாக்காத கேஸா? பொறவு அந்தக் கம்பியைக் கையில எடுத்துப் பாத்தேன். பூக்கட்டுற நாரு மாதிரி இருக்கு. இதை வெச்சு ஒட்டுனா ஆள் உக்காருற தரை நிக்குமா? கப்பல்ல தட்டு ஒட்டுறவனை நான் காலம்பூரா பாத்திருக்கேன். நான் ராடு புடிச்சதில்லை, ஆனா புடிச்சவன் பக்கத்துல நின்னிருக்கேன். ராடுதான். விரல் தண்டி ராடு. அலைக்கு நடுவுல நிக்குற கப்பலையே அது புடிச்சு வெச்சிருக்கு.

மாப்பிள்ளை ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாரு. "மச்சான், கப்பல் தட்டு கனம். இது தகரம்லா."

நான் சொன்னேன், மாப்பிள்ளை, உங்களுக்கு நான் கெடுதல் நெனைப்பேனா? வாங்கித் தாரவன் நான், என் கையால தாரேன், நல்லதாத்தான் தருவேன். அவரு மிஷின்ல இருந்து கையை எடுத்துட்டாரு. மச்சான் சொன்னாச் சரின்னாரு. இந்த மிஷினை ரெண்டு பேர் தூக்கி ஆட்டோவுல வெச்சோம். எனக்கு அன்னைக்கு மனசு அவ்வளவு நிறைவா இருந்துது, பாத்துக்கிடுங்க.

வீட்டுக்கு வந்து ஆரம்பிச்சாரு. முதல் ராடை வெச்ச உடனே தகரத்துல பட்டாணி அளவு ஓட்டை விழுந்துட்டு. அதை அடைக்கப் போனா அது கொய்யாக்காய் அளவு ஆயிட்டு. சின்ன ராடு வாங்கிப் பாத்தாரு, கரண்டைக் குறைச்சுப் பாத்தாரு. குறைச்சா ராடு ஒட்டிக்கிட்டு வர மாட்டேங்குது, கூட்டினா பொத்துக்குது. அவசரத்துல கண்ணாடியைச் சரியாப் போடாம கண்ணு வீங்கிப்போயி, மண்ணை அள்ளிப் போட்டது மாதிரி கிடந்து துடிச்சாரு. பியூலா உருளைக்கிழங்கை வெட்டி வெட்டிக் கண்ணுல வெச்சா. மறுநாள் அந்தக் கண்ணோடயே வண்டி ஓட்டிட்டுப் போனாரு.

அந்த வாரந்தான் தங்கச்சி என்கிட்ட வந்தா. அண்ணே, இதைக் கொண்டு குடுத்துட்டு அந்த மிஷினையே மாத்திக்கிடலாமா, இவுக கேக்கப் பயப்படுதாகன்னு சொன்னா. நான் ஒண்ணும் கோவப்படலை. வாங்கின பொருளைத் திருப்பிக் குடுக்குற பழக்கம் நம்ம வீட்டுல கிடையாதுன்னு மட்டும் சொன்னேன். அப்பிடின்னா டிங்கரை ஒரு தடவை கூட்டியாந்து காட்டலாமான்னு கேட்டா. வீட்டுல மிஷின் நிக்கயில இன்னொருத்தனைக் கூட்டியாந்து காட்டினா ஊருக்குள்ள எனக்கு என்ன மரியாதை? அதையும் வேண்டாம்னுட்டேன்.

ஆனா சும்மா விடலை. யோசனை பண்ணினேன். தகரம் தாங்கலைன்னா தகரத்தை மாத்திர வேண்டியதுதானே? ஹார்பர் பக்கத்துல பழைய இரும்புக் கடையில நல்ல தட்டு, கனமானது, கெடந்துது. அதை வெட்டி எடுத்துட்டு வந்து மாப்பிள்ளை முன்னால போட்டேன். இதைத் தரையில வெச்சுச் சுத்தி ஒட்டுங்கன்னேன். ராடு வெச்சாரு. அந்தத் தட்டுல எப்பிடிப் புடிச்சுது தெரியுமா? தேன் ஊத்தினது மாதிரி. நான் நின்னு பாத்தேன். சொன்னேன்லா மாப்பிள்ளைன்னு கேட்டேன்.

அவரு குனிஞ்சு தட்டைப் பாக்கலை, தட்டுக்கு வெளியே பழைய தகரம் இருக்குல்லா, அதைப் பாத்தாரு. ஒட்டு போட்ட இடத்தை ஒட்டிச் சுத்திவர நீலமாக் கருத்துப் போயிருந்துது. அதைக் கட்டை விரலால அமுக்கிக் காட்டினாரு. அமுங்கிச்சு. தட்டு நிக்கும் மச்சான், தட்டைப் புடிச்சிருக்குற தகரம் நிக்குமான்னு தெரியலைன்னாரு. அவருக்கு எப்பவுமே கொஞ்சம் பயந்த சுபாவம். நான் ஏறி அந்தத் தட்டு மேல நின்னேன். குதிச்சேன். என் எடைக்கு நின்னுச்சு. நின்ன இடத்துலயே நின்னுச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்னு கேட்டேன்.

அந்தத் தட்டுலதான் கதவோரச் சீட்டோட காலைப் போல்ட்டு போட்டு இறுக்கினாரு. கதவு ஓடுற தண்டவாளத்தோட அடிப்பாகத்தையும் அதுலதான் ஒட்டினாரு. மேல கறுப்பு பெயிண்டு அடிச்சு ரப்பர் விரிப்பைப் போட்டதும் புது வண்டி மாதிரி ஆயிட்டு. பொம்பளையளுக்கு ஒரே சந்தோசம். கீழ்ச் சன்னலை அடைச்சிட்டியேன்னு சந்தனமாரி கேட்டுதாம். அது அவருக்கு வீட்டுப் பலகாரம் ஏதோ கொண்டாந்து குடுத்துதுன்னு பியூலா சொன்னா.

கொஞ்ச காலம் நல்லாத்தான் ஓடிச்சு. மழைக்காலமும் முடிஞ்சுது. ஆனா மாப்பிள்ளை மட்டும் ஒரு மாதிரியாவே இருந்தாரு. வீட்டுக்கு வந்ததும் விரிப்பைத் தூக்கிப் பாப்பாரு. சந்தனமாரியைத் தினமும் உள்ள தள்ளி உக்காருங்கக்கா, உள்ள தள்ளி உக்காருங்கக்கான்னு சொல்லிக்கிட்டே இருப்பாராம். அது, போய்யா, உள்ள உக்காந்தா உன் வண்டியிலதான் வாந்தி எடுப்பேன்னு அங்கனயே உக்காரும். அவரு அந்த வண்டியை நிறுத்தியிருக்கலாம்லா? யாரு வேண்டாம்னா? நிறுத்தினா வண்டி என்னாச்சுன்னு நான் கேப்பேன்னு நெனச்சாரோ என்னமோ. அப்பிடி நான் கேட்டா என்ன, பதில் சொல்ல வேண்டியதுதானே?

அன்னைக்கு நான் கூட இல்லை. மத்த பொம்பளையள் சொன்னதுதான். மெயின் ரோட்டை விட்டு உப்பளத்து மண்பாதையில எறங்குற இடத்துல ஒரு பள்ளம். அவரு மெதுவாத்தான் போயிருக்காரு. பின்சக்கரம் எறங்கினதும் டமார்னு ஒரு சத்தம். தட்டு ஒடையலை தம்பி. இன்னைக்கு வரைக்கும் அந்தத் தட்டுல ஒரு கீறல் கிடையாது, நானே போலீஸ் ஸ்டேஷன்ல பாத்தேன். தட்டைச் சுத்தி இருந்த தகரம் கிழிஞ்சிட்டு. தபால்தலையைப் பிச்சது மாதிரி. தட்டு, அதுல இருந்த சீட்டு, கதவு எல்லாம் மொத்தமா வெளியே சாஞ்சிட்டு. அந்தப் பொம்பளை சீட்டுக் கம்பியைப் புடிச்ச புடியை விடாமலே விழுந்திருக்கு. பின்சக்கரம் ஏறிட்டு.

மாப்பிள்ளைதான் தூக்கியிருக்காரு. உப்பு லாரி ஒண்ணு வந்துது, அதுல ஏத்தி மடியில போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு. போற வழியில பாலத்துக்கிட்ட வரும்போது கொமட்டுது, காத்து வரட்டும்னு சொல்லிச்சாம். லாரியில மேல திறந்துதான் இருந்துது. ஆஸ்பத்திரியில எறக்கும்போது உசுரு இல்லை.

இதை மாப்பிள்ளை யாருகிட்டயும் சொல்லலை, பியூலாகிட்ட ஒரே ஒரு தடவை சொன்னாராம். பியூலா என் பெஞ்சாதிகிட்டச் சொல்லி, அவ மூலமா எனக்குத் தெரியும்.

ஸ்டேஷனுக்கு என்னையும் கூப்பிட்டாங்க. வண்டியில ஒட்டு வேலை பாத்தது யாரு, எந்தப் பட்டறைன்னு கேட்டாங்க. மாப்பிள்ளை, நான்தான், வீட்டுல வெச்சுப் பாத்தேன்னு சொல்லிட்டாரு. மிஷின் யாரு வாங்கிக் குடுத்ததுன்னு அடுத்த கேள்வி வந்துது. நான் நிதானமாச் சொன்னேன். சார், மிஷின் வாங்கயில கூடப் போனது உண்மை, உறவுக்காரன், கூடப் போகாம இருக்க முடியாது. ஆனா ஆள் ஏத்துற வண்டி, ஒரு தடவை டிங்கர்கிட்டக் காட்டிருங்க, காட்டிருங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேக்கலைன்னேன்.

என்ன அப்பிடிப் பாக்கீங்க? ஆமா, டிங்கர் வேண்டாம்னு முதல்ல சொன்னேன்னு இப்பத்தான் உங்ககிட்டச் சொன்னேன். அது தங்கச்சி கேட்டதுக்குச் சொன்னது. மாப்பிள்ளைகிட்ட நான் சொல்லலைன்னு எப்பிடிச் சொல்ல முடியும்? எவ்வளவோ பேசியிருப்போம். வாயால சொல்லாட்டியும் மனசுக்குள்ள நெனச்சிருப்பேன். அவரு நல்லதுதானே நான் எப்பவும் நெனச்சது.

வாக்குமூலம் எழுதுன போலீஸ்காரரு மாப்பிள்ளை பக்கம் திரும்பி, என்னப்பா, இவரு சொல்லுறது சரியான்னு கேட்டாரு. அதுவரைக்கும் தரையைப் பாத்துக்கிட்டு இருந்தவரு என்னை நிமிந்து பாத்தாரு. சட்டையில அந்தப் பொம்பளையோட ரத்தம் காஞ்சு கறுப்பா இருந்துது. ரொம்ப நேரம் பாத்தாரு.

"மச்சான் சொல்லுறது சரிதான் சார்" அப்பிடின்னாரு.

பாத்தீங்களா? அவரே ஒத்துக்கிட்டாரு. நானா ஒண்ணும் இட்டுக்கட்டலை. பியூலா அப்ப வாசல்படியில நின்னுக்கிட்டிருந்தா. அவளுக்கும் கேட்டிருக்கும்.

ஜாமீன்ல வெளிய வந்தாரு. வக்கீல் பாத்துக் குடுத்தது நான்தான், அதுக்கு ஒரு நன்றி இல்லை. கேஸு நடந்துக்கிட்டு இருக்கு. வண்டி ஸ்டேஷன் வாசல்ல, இருந்த கொஞ்சத் தகரமும் உதிர்ந்துக்கிட்டுக் கெடக்கு. அவரு வீட்டுக்கு வந்த மறுநாள் நான் பாக்கப் போனேன். தெருவுல இந்த மிஷின் நிக்குது. பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டுப் புடிச்சு இழுத்து வெளியே வெச்சிருக்கா தங்கச்சி. "இது உங்க மிஷின்ண்ணே. எடுத்துட்டுப் போயிருங்க"ன்னா. நானும் யோசிச்சேன், அண்ணன் ஆசையா வாங்கிக் குடுத்தது, மழையில கெட்டுப்போயிரக் கூடாதுன்னு பொறுப்பாத் திருப்பிக் குடுக்கான்னு. அவ வளந்த வளர்ப்பு அப்பிடி. அன்னையில இருந்து அவ இந்தப் பக்கம் வரலை. கிறிஸ்மஸுக்குக்கூட வரலை. வேலை இருந்திருக்கும்.

மாப்பிள்ளை என்ன செய்யுதாருன்னு கேக்கீங்களா? அதைத்தான் வெளிய சொல்ல முடியலை. உப்பளத்துக்குப் போறாரு. வண்டியோட்டி இல்லை, கூலியாளா. உப்பு வாரிச் சுமக்கப் போறாரு. விடியமுன்ன எந்திரிச்சு நடந்தே போறாரு. யாரு வண்டியில ஏத்துனாலும் ஏற மாட்டாரு. அதுவும் வேற எந்த உப்புப் பாத்தியும் இல்லை, சந்தனமாரி வேலை பாத்த அதே பாத்தி. அதோட மகளும் அங்கனதான் வேலை பாக்குது.

முதல் நாள் போனப்ப பொம்பளையள் எல்லாம் வேலையை நிறுத்திட்டாங்களாம். யாரும் ஏசலை, யாரும் மண்ணை வாரித் தூத்தலை. சும்மா நின்னிருக்காங்க. இவரும் பாத்தி வரப்புல நின்னிருக்காரு, போகவும் இல்லை, எறங்கவும் இல்லை. வெயில் ஏறிட்டு. கங்காணி போகச் சொல்லியும் போகலை. பொறவு அந்த மக வந்து, அதோட அம்மா உப்பு இழுக்குற பலகையை இவரு காலுக்கு முன்னால போட்டுட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிட்டாம். எடுத்து எறங்கிட்டாரு. அன்னையில இருந்து போறாரு. கால் பூரா வெடிச்சுப் போச்சு. அந்தப் பொம்பளையள் இப்ப அவருக்குத் தண்ணி குடுக்குதாங்க, மதியம் சோத்துக்குக் கூப்பிடுதாங்க. மச்சான்காரன் எனக்குத்தான் தெருவுல தலை காட்ட முடியலை. மேஸ்திரி தங்கச்சி மாப்பிள்ளை உப்புச் சுமக்கான்னு ஒருத்தன் டீக்கடையில என் காதுபடச் சொல்லுதான்.

இதைப் பேசித் தீத்துருவோம்னு போன வாரம் நானே உப்பளத்துக்குப் போனேன். பைக்கை நிறுத்திட்டு வரப்பு வழியா நடந்து போனா, வெள்ளை வெயில்ல கண்ணு கூசுது. அவரு கூடையில உப்பைச் சுமந்துட்டு வந்து அம்பாரத்துல தட்டினாரு. என்னைப் பாத்தாரு. ஒதுங்கவும் இல்லை, வாங்கன்னும் சொல்லலை. நான் என்னென்னவோ சொன்னேன். நடந்தது நடந்துட்டு, விதி, உங்க மேல மட்டும் தப்பில்லை, தகரம் அப்பிடி, ரோடு அப்பிடின்னு அவருக்கு ஆறுதலாத்தான் சொன்னேன். வேற வேன் பாத்துத் தாரேன், நானே பாத்துத் தாரேன்னேன். கூடையைக் கவுத்துத் தட்டிக்கிட்டே இருந்தாரு. கடைசியா, மிஷின் சும்மா கெடக்கு மாப்பிள்ளை, வித்துரட்டுமான்னு கேட்டேன்.

அதுக்குத்தான் வாயைத் திறந்தாரு. "வாங்க வாரவன்கிட்ட எதுக்குன்னு கேளுங்க. தகரம் ஒட்டன்னு சொன்னான்னா குடுக்காதீங்க மச்சான்."

சொல்லிட்டுக் கூடையை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. அந்த மக அந்தப் பக்கம் நின்னு எங்க ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டு இருந்துது. எனக்கு என்னமோ மாதிரி ஆயிட்டு, திரும்பி வந்துட்டேன். அவருக்குப் புத்தி கொஞ்சம் பெசகிட்டு தம்பி. கை சரியில்லாம மிஷின் மேல பழி போட்டா மிஷின் என்ன செய்யும்? மனசு ஒடிஞ்சவரு சொல்லுறதை நாம பெருசா எடுக்கக் கூடாது.

நீங்க படிச்சவரு, நிதானமானவரு, பாத்தாலே தெரியுது. அவரு மாதிரி அவசரப்பட மாட்டீங்க. அதுவும் போக, அவருது கூலிக்கு ஆள் ஏத்துற வேன். உங்களுது வீட்டுக் காரு. பின்சீட்டுல யாரு உக்காருவா? என்னது? ஆங், ரெண்டு பிள்ளையளா. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு விடத்தானா. பொறவு என்ன? ரெண்டு பேரையும் சேத்து வெச்சாலும் அந்தப் பொம்பளையோட பாதி எடை இருக்குமா?

தகரம் பொத்துக்கும்னு பயமா இருந்தா ஒண்ணு செய்யுங்க, பழைய இரும்புக் கடையில நல்ல கனமான தட்டா வாங்கிப் போட்டுருங்க. எந்தக் கடைன்னு நான் காட்டுதேன், போற வழிதான். எந்திரிங்க. அந்தப் பக்கக் கைப்பிடியைப் புடிங்க, நான் இந்தப் பக்கம் புடிக்கேன். உங்க வண்டியில ஏத்திருவோம். விலையெல்லாம் பொறவு பேசிக்கிடலாம், நான் ஒண்ணும் யாவாரி இல்லை.

என்ன தம்பி, நின்னுட்டே இருக்கீங்க? யோசிக்காதீங்க. உங்களுக்கு இதுதான் சரி. நான் சொல்லுதேன்லா.